முள் குத்தினால் பிடுங்கிப் போட்டால் போதுமா?

சுமார் பதினைந்து வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் காலை. அயனம்பாக்கத்தில் என் வைத்தியசாலைக் கதவைத் திறக்கும்போதே திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். விறகு வெட்டுவதுதான் தொழில். வலது முழங்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. "ஒரு மாசமா இப்படித்தான் சார். குந்தி எந்திரிக்க முடியல. கோடாரிய ஓங்கினா காலு நிக்க மாட்டேங்குது" என்றார்.

நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், நீர் பார்த்தேன். ஐம்பது வயது, உழைக்கிற உடம்பு, ஒரு முழங்காலில் வீக்கம். கீல்வாதம் என்று முடிவு கட்டிவிட்டேன். உள்ளுக்கு மருந்து, மேலுக்குத் தைலம், நொச்சி இலை ஒத்தடம். நாலு நாள் வீக்கம் வடியும், அஞ்சாம் நாள் மறுபடி ஏறும். இப்படியே ஐந்து வாரம் ஓடியது. ஆறாவது வாரம் அவருடைய மனைவியும் கூட வந்தார். அந்த அம்மாதான் கேட்டார்: "ஏன் சார், ஏரிக்கரையில வேலிகாத்தான் வெட்டறப்போ இதே கால்லதான் முள்ளு ஏறிச்சு. பிடுங்கிப் போட்டுட்டாரு. அதனால இருக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வாரத்தில் ஒரு தடவை கூட "முள் குத்தியதா?" என்று நான் கேட்கவில்லை. முள் குத்தியது ஒரு விஷயமாகவே அவருக்கும் தோன்றவில்லை. தினமும் பத்து முள் குத்துகிற தொழில் அது. உடனே ஒரு சீட்டு எழுதி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூட்டைத் திறந்து, சோற்றுப் பருக்கை நீளத்துக்கு ஒரு கறுப்பு முள் நுனியை எடுத்தார்கள். வீக்கம் போய்விட்டது. ஆனால் அந்த முழங்கால் இன்றுவரை முழுசாக மடங்குவதில்லை. ஐந்து வாரம் முன்னாலேயே அனுப்பியிருந்தால் மடங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தவறு என்னுடையது. அதனால்தான் இந்தக் கட்டுரையை முள்ளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

"எங்க வீட்ல கேஸ் அடுப்பு இருக்கு, எனக்கெதுக்கு விறகும் முள்ளும்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் கேஸ் இல்லாத வீடு இன்றைக்கு அபூர்வம்தான். ஆனாலும் குளிக்க வெந்நீர் போடக் கொல்லையில் ஒரு கல் அடுப்பு, ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் காய்ச்ச விறகு, கல்யாண வீட்டு பிரியாணி அண்டாவுக்கு விறகு என்று விறகு இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. புயல் அடித்தால் கேட்கவே வேண்டாம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா வந்து போன மறுநாள் அம்பத்தூரிலிருந்து திருவேற்காடு வரை தெருவுக்குத் தெரு மரம் கிடந்தது. அரிவாளைத் தொட்டே பழக்கமில்லாதவர்கள்கூட அன்றைக்கு விறகுவெட்டி ஆனார்கள். அடுத்த ஒரு வாரம் என் வைத்தியசாலையில் வெட்டும் குத்தும் சிராய்ப்பும்தான்.

திருவேற்காடு என்ற பெயரே மரத்தில் வந்ததுதான். வேல மரங்கள் நிறைந்த காடு வேற்காடு. வேதபுரீஸ்வரர் கோயிலின் தலமரம் வெள்வேலம். நம் மண்ணின் கருவேலமும் வெள்வேலமும் வைத்தியனுக்கு உறவுக்காரர்கள். கருவேலம்பட்டைக் கஷாயத்தில் வாய் கொப்பளித்தால் ஈறு இறுகும். அதன் பிசினும் மருந்து. ஆனால் ஏரிக்கரையிலும் காலி மனையிலும் இப்போது மண்டிக் கிடப்பது அது அல்ல. அது சீமைக் கருவேலம். நம் பக்கத்துப் பேச்சில் வேலிகாத்தான். மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். 1870-களில் விறகுக்காக நம் நாட்டுக்கு வந்தது. 1877-ல் கடப்பைப் பக்கம் நட்டதாகச் சரித்திரம். வறட்சியில் வளரும், நின்று எரியும், நல்ல கரி தரும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது மாணவர்களும் இளைஞர்களும்கூட அரிவாளோடு கிளம்பினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் காலில் ஹவாய்ச் செருப்பு! சைக்கிள் டயரையே பஞ்சராக்குகிற முள்ளுக்கு ஹவாய்ச் செருப்பு எம்மாத்திரம்?

இரண்டு மரத்தையும் குழப்பிக்கொண்டு "வேலம்பட்டை கொண்டு வந்திருக்கேன் டாக்டர்" என்று சீமைக் கருவேலம்பட்டையை உரித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பூவைப் பாருங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் குட்டிப் பந்து மாதிரி இருக்கும். காய், மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே சிறுத்திருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிர் மஞ்சளில் வால் மாதிரி தொங்கும். காய் நீளமாக, பழுத்தால் மஞ்சளாக, இனிப்பாக இருக்கும். ஆடு விரும்பித் தின்னும்.

சரி, முள்ளுக்கு வருவோம்.

முள் குத்தினால் முதலில் செய்ய வேண்டியது, பிடுங்கிய முள்ளைத் தூக்கி எறியாமல் பார்ப்பது. நுனி கூர்மையாக முழுசாக இருக்கிறதா, இல்லை முறிந்திருக்கிறதா? முறிந்திருந்தால் மீதி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மேல் தோலில் நுனி கண்ணுக்குத் தெரிந்தால், ஊசியைச் சுட்டு ஆறவைத்து, மெல்ல நெம்பி எடுக்கலாம். தெரியவில்லையா? தோண்டாதீர்கள். தோண்டத் தோண்ட முள் இன்னும் உள்ளேதான் போகும்.

எருக்கம் பால் வைத்தால் முள் தானே வெளியே வரும் என்று நம் ஊரில் ஒரு கைவைத்தியம் உண்டு. வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் அதைச் சொல்வதில்லை. எருக்கம் பால் தோலைப் புண்ணாக்கும். அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழி வெந்து பார்வை மங்கிவிடும். எருக்கு சித்த வைத்தியத்தில் பெரிய மருந்துதான். சுத்தி செய்து, அளவறிந்து, வைத்தியன் கையாள வேண்டிய மருந்து. கொல்லையிலிருந்து கிள்ளி வந்து புண்ணில் சொட்டுகிற மருந்து அல்ல. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். தோல் இளகி மேலாக இருக்கிற முள் தலை காட்டும். புண்ணைக் கழுவ, கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலைச் சூரணத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறிய நீர் நல்லது. இவ்வளவுதான் வீட்டு வைத்தியம்.

இதற்கு மேல் எப்போது டாக்டரிடம் போவது? விரல் கணு, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் இந்த மாதிரி மூட்டுப் பக்கத்தில் குத்திய முள் எதுவானாலும், இரண்டு வாரமோ இரண்டு மாசமோ கழித்து அங்கே வீக்கம் வந்தால், "அன்னிக்கு முள் குத்திச்சு" என்று வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் என்னைப் போல வாதம் என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். ஈச்ச முள், பனங்கருக்கு, மூங்கில் சிலாம்பு எல்லாவற்றுக்கும் இதுதான் கதை. மரமுள் எக்ஸ்ரேயில் விழுவதில்லை. "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணுமில்லேன்னுட்டாங்க" என்று திருப்தியாக இருந்துவிடாதீர்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பவருக்கு முள் குத்தியதே தெரியாது. ராத்திரி கால் கழுவும்போது உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்கள் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முள்ளில் ஆரம்பித்து விரலை எடுக்கிற வரைக்கும் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தனுர்வாத ஊசி. "ஆறு மாசத்துக்கு முந்திதான் டாக்டர் போட்டேன், காலாவதி ஆயிடுச்சு" என்று மறுபடி மறுபடி போட்டுக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் போட்டதோடு சரி என்கிறவர்கள் இன்னொரு பக்கம். அடிப்படைத் தடுப்பூசிகளை முழுசாகப் போட்டவர்களுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு ஊசி போதும். மண்ணும் சாணியும் பட்ட காயம், ஆழமான குத்து, துருப்பிடித்த ஆணி என்றால், கடைசியாகப் போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். எப்போது போட்டோம் என்று தெரியவே இல்லை என்றால், யோசிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். இதற்குச் சித்த வைத்தியத்தில் மாற்று இல்லை. வைத்தியன் நானே சொல்கிறேன்.

கண்ணில் சிலாம்பு

முள்ளைவிட எனக்குப் பயம் கண்தான். விறகு பிளக்கும்போது சின்னச் சிலாம்பு தெறிக்கும். கிளை வெட்டும்போது ஒரு இலை நுனி கண்ணில் கீறும். கொஞ்சம் உறுத்தும், தண்ணீர் வரும், சரியாகிவிடும். மூன்று நாள் கழித்துச் சிவந்து, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழும். இது பூஞ்சைப் புண். மரம், இலை, வைக்கோல் இவற்றில் இருக்கிற பூஞ்சைக் காளான் அந்தக் கீறல் வழியே கருவிழிக்குள் வேர் விட்டுவிடுகிறது. 1990-களில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த நானூறுக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். பரிசோதனையில் கிருமி தென்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சைதான் காரணம். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கண்ணில் அடிபட்ட சரித்திரம் இருந்தது. குளிர் நாடுகளில் இவ்வளவு பூஞ்சைப் புண் கிடையாது. நம் வெயிலும் ஈரமும் அதற்குச் சௌகரியம்.

இதில் நாம் செய்கிற மூன்று காரியங்கள் கண்ணைக் கெடுக்கின்றன. ஒன்று, தாய்ப்பால் விடுவது. இரண்டு, விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு என்று எதையாவது பிழிவது. அடிபடாத கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்பதற்காகக் கீறிய கண்ணில் சுத்தமில்லாத சாற்றை விடக் கூடாது. மூன்று, எல்லாவற்றிலும் மோசம், மருந்துக்கடையில் "கண்ணு சிவந்திருக்கு, சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்குவது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு ஒரே நாளில் குறையும், பூஞ்சை அடியில் கொழுத்து வளரும். ஒரு கீறலுக்குப் பார்வையையே விலை கொடுக்க வேண்டிவரும். சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, கசக்காமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். நம் பக்கத்தவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி; உலகத்திலேயே பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று.

இதையெல்லாம் தவிர்க்க ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி போதும். வெல்டிங் பட்டறைச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்தில் நிற்கிறவருக்குக் கண்ணாடி கட்டாயம் என்கிறோம். கோடாரி பிடிக்கிறவருக்கும் கண் இரண்டுதானே?

வெட்டுகிற கையும் நிற்கிற காலும்

காலால் கட்டையை மிதித்துக்கொண்டு பிளக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். தடித்த அடிக்கட்டை ஒன்றைத் தரையில் போட்டு, பிளக்க வேண்டிய துண்டை அதன் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். கால்களை அகட்டி வைத்து அடியுங்கள். குறி தவறினாலும் கோடாரி அடிக்கட்டையில் இறங்கும். உங்கள் கெண்டைக்காலில் இறங்காது. முறுக்கும் கணுவும் உள்ள கட்டையோடு மல்லுக்கு நிற்காமல் இரும்பு ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடியுங்கள். காம்பு ஆடுகிற கோடாரியைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவார்கள். ஊறினால் இறுகும், உண்மை. வெயிலில் அரை மணி வேலை செய்தால் காய்ந்து மறுபடி லூசாகி, தலை தனியே பறக்கும். ஒரு ஆப்புச் சக்கை அடித்து இறுக்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

மழுங்கின ஆயுதம் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். அதுதான் வழுக்கி ஆளை வெட்டும்.

மோட்டார் ரம்பத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: கற்றுக்கொள்ளாமல் தொடாதீர்கள். தொழிலாகச் செய்கிறவர்கள் காதுக்குப் பாதுகாப்புப் போட்டுக்கொள்ளுங்கள். விரல்கள் மரத்து, குளிர்ந்து, வெளுத்துப் போவதாகத் தோன்றினால் அது ரத்தக்குறைவு அல்ல, ரம்பத்தின் அதிர்வு. டானிக் குடித்தால் சரியாகாது. ரம்பத்தைத் தொடுகிற நேரத்தைக் குறைத்தாக வேண்டும்.

வேலை முடிந்த ராத்திரி இடுப்பு பிடித்துக்கொண்டால், வெந்நீரில் நொச்சித் தழை போட்டுக் காய்ச்சி ஒத்தடம் கொடுங்கள். உளுந்துத் தைலம் தேய்க்கலாம். ஆனால் வலி தொடையில் இறங்கிக் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ எண்ணெயைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மரம் ஏறுவதற்கு முன்

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பார்கள். ஒடிக்கத்தான் வேண்டும், அதன் மேல் ஏறி நின்று அல்ல. முருங்கைக் கிளை சோடா சீசா மாதிரி சொல்லாமல் உடையும். பத்தடி உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர்கள் உண்டு. அப்படி விழுந்தவரை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கக் கூடாது. அசைக்காமல் படுக்கவைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். தூக்குகிற அவசரத்தில்தான் பல பேருக்குக் கால் போகிறது. இன்னொன்று, முருங்கையில் மழைக்காலத்துக் கம்பளிப்பூச்சி. மேலே பட்டால் தேய்க்காதீர்கள். பிளாஸ்திரி அல்லது செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் ரோமம் அதோடு வந்துவிடும். பிறகு கழுவிவிட்டு வேப்பிலை மஞ்சள் அரைத்துப் போடுங்கள்.

மின்சாரக் கம்பிக்குப் பக்கத்துக் கிளையைத் தொடவே வேண்டாம். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், கரண்டை நிறுத்திவிட்டு அவர்கள் வெட்டட்டும். தெரு மரம், ஏரிக்கரை மரம் என்றால் அனுமதி இல்லாமல் அடியோடு வெட்டவும் கூடாது.

வர்தாவில் விழுந்த மரங்களைச் சுற்றிப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். குல்மொகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி மாதிரி மேலே குடை பெருத்து அடியில் பிடிப்பில்லாத மரங்கள் நிறைய விழுந்திருந்தன. அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் போட்டு இறுக்கிய இடங்களிலும், கேபிளுக்கும் சாக்கடைக்கும் தோண்டி ஒரு பக்கத்து வேரை வெட்டிய இடங்களிலும் மரம் அப்படியே பெயர்ந்து கிடந்தது. பனை நின்றது. ஆகவே வீட்டு வாசல் மரத்தைச் சுற்றி மூன்றடியாவது மண்ணாக விடுங்கள். வடகிழக்கு மழை ஐப்பசியில் பிடிப்பதற்கு முன், ஆடி ஆவணியிலேயே காய்ந்த கிளையையும், வீட்டுக் கூரை மேல் சாய்ந்த கிளையையும் எடுத்துவிடுங்கள். மொட்டை அடிக்காதீர்கள்.

பெரிய கிளையை ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால் பாதி வெட்டும்போதே கிளை முறிந்து, தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டாகச் செய்யுங்கள். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழம் அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேற்பக்கமிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிஞ்சிய முண்டை, தண்டோடு சேருகிற இடத்தில் தடித்த வளையம் போல ஒரு கழுத்து இருக்கும், அந்தக் கழுத்தை விட்டுவிட்டு அறுங்கள். அந்தக் கழுத்திலிருந்துதான் மரம் தன் புண்ணைத் தானே மூடுகிறது. சாணியும் செம்மண்ணும் பூசுவார்கள். பூசாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

மருந்துக்குப் பட்டை எடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். மருதமரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் இலையில் ஆகிற சாப்பாடு வேருக்கு இறங்காது. மரம் நின்றபடியே செத்துப்போகும். சுகர், பிரஷர் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரோட்டோர மருதமரங்களை நம் ஜனங்கள் சுரண்டியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பட்டை வேண்டுமென்றால் கழித்துப்போட்ட கிளையில் எடுங்கள், அல்லது நாட்டு மருந்துக்கடையில் வாங்குங்கள்.

அடுப்பில் எது எரியலாம்?

சித்த மருந்து செய்கிறவனுக்கு நெருப்பு ஒரு பாடம். தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயின் அளவை வைத்தே மருந்தின் பக்குவம் சொல்வார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்தபோது ஈர விறகை வைத்துத் தைலம் காய்ச்சப்போய்ப் புகையில் கண் எரிந்து வாத்தியாரிடம் திட்டு வாங்கியவன் நான். ஈர விறகின் சூட்டில் ஒரு பகுதி, விறகிலிருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. மீதி அரைகுறையாக எரிந்து புகையாகிறது. பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றோட விட்டு, ஆறு மாசமாவது காயவையுங்கள். காய்ந்த விறகின் நுனியில் வெடிப்பு தெரியும். பட்டை கழன்று வரும். இரண்டு கட்டையைத் தட்டினால் "டங்" என்று கேட்கும். ஈர விறகு "தொப்" என்னும். விறகுத்தொட்டியில் வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்குங்கள். ஈர விறகை எடைக்கு வாங்கினால் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

சவுக்கு, சீமைக் கருவேலம், புளி எல்லாம் அடுப்புக்கு ஏற்றவை. அரளியை எரிக்காதீர்கள், அதன் புகையும் ஆகாது. திருகுகள்ளி வேலியை வெட்டும்போது பால் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேங்கொட்டை மரத்தையும் முந்திரிக் கொட்டை ஓட்டையும் எரித்தால் புகை பட்டாலே சிலருக்கு உடம்பு தடித்துக் கொப்புளிக்கும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு விறகு உண்டு. தொழிற்பேட்டையிலிருந்து வருகிற பேக்கிங் கட்டை. மலிவு, காய்ந்தது, சுலபமாகப் பிடிக்கும். அதன் மேல் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகிற மரப்பெட்டியில் பூச்சி பரவாமலிருக்க 2002-ல் ஒரு உலக விதி வந்தது. அதன்படி 'எச்.டி.' என்று ஆங்கில எழுத்து இருந்தால் சூடு மட்டும் காட்டியது. 'எம்.பி.' என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற விஷ வாயு காட்டியது. அதை அடுப்பில் வைக்காதீர்கள். எண்ணெய்க் கறை, கெமிக்கல் கறை உள்ள கட்டையும் வேண்டாம். பிளைவுட் துண்டு, பெயிண்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் சட்டம் இவையும் ஆகாது. பெயிண்டில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவை எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்த்து, குழந்தை அந்த இடத்தில் தவழ்ந்தால் என்ன ஆகும்? பற்ற வைக்க பிளாஸ்டிக் பையைச் செருகுவதும் அப்படித்தான். தேங்காய் நார், பாளை, பன்னாடை எதற்கு இருக்கிறது?

புகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வீட்டுக்குள் எரிகிற அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பீடி சிகரெட் தொடாத எத்தனையோ பாட்டிமார்கள் மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நாற்பது வருஷம் ஊதுகுழல் பிடித்த நுரையீரல் அது. ஆடாதொடை கொடுக்கிறேன், சளி கரைகிறது. ஆனால் அடுப்பை வெளியே மாற்றாமல் ஆடாதொடை மட்டும் என்ன செய்யும்? வெந்நீர் அடுப்பைத் தாழ்வாரத்துக்கு வெளியே போடுங்கள். பிரியாணி மாஸ்டர் காற்றுக்கு எதிர்ப்புறம் நிற்காமல், காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி நிற்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் குளிர் ஆகாது என்று கரி நெருப்புச் சட்டியை ரூமுக்குள் வைத்து ஜன்னலைச் சாத்தக் கூடாது. கரி நெருப்பில் புகை தெரியாது, நாற்றம் தெரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காமலே போகலாம். தாயும் சிசுவும் ஒரே அறையில். குழந்தைக்குச் சாம்பிராணி போடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். தலை துவட்டத் துணி இருக்கிறது, வெயில் இருக்கிறது. பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்குப் புகை எதற்கு?

நெருப்பு சுட்டுவிட்டால் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். சின்னச் சூட்டுக் காயமாக இருந்தால் ஆறிய பிறகு கற்றாழைச் சோறு தடவலாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிசாக இருந்தாலும், முகத்தில், கையில் பட்டிருந்தாலும் ஆஸ்பத்திரி.

விறகுக் குவியலுக்குள் இருப்பவர்கள்

விறகு அடுக்கில் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். ஏரியோரத்து மனைகளில் இது சகஜம். விறகு அடுக்கை வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போடாமல் பத்தடியாவது தள்ளிப் போடுங்கள். கையை உள்ளே விட்டு உருவாதீர்கள். முதலில் ஒரு கம்பால் தட்டி, மேல் வரிசையிலிருந்து எடுங்கள். ராத்திரியில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

கடித்துவிட்டால்? கயிறு கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். சிறியாநங்கை, மிளகு என்று தின்னக் கொடுத்து இனிக்கிறதா கசக்கிறதா என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். என் வைத்தியசாலைக்கும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நான் ஆட்டோவைத் திருப்பி அனுப்பத்தான் செய்வேன். கடிபட்ட கை அல்லது காலை முறிந்த எலும்புக்குக் கட்டுவதுபோல ஆடாமல் மட்டை வைத்து, நடக்க விடாமல், நேரே அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களே நம் பக்கத்து இருளர்கள்தான். வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான்.

கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது. தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்து, கண் இமை தானாகக் கீழே விழுந்து, நாக்குக் குழறினால் அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அப்போதும் 108 தான்.